வெட்டாமல் ஓடிய வண்டி

புது வண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது ஐப்பசியில், ஒரு திங்கட்கிழமை. காலையில் தூறல், பதினொரு மணிக்கு மேல் வெயில். வாசலில் நிறுத்தியபோது மீட்டரில் இருபத்து நான்கு கிலோமீட்டர் இருந்தது. இதையெல்லாம் எழுதி வைப்பது என் பழக்கம். பள்ளிப் படிப்பை முடித்த வருஷத்திலிருந்து நாட்குறிப்பு எழுதி வருகிறேன். பிறர் எழுதியவற்றையும் தேடிப் படிப்பேன். பஞ்ச காலத்துக் குறிப்புகள், கொள்ளை நோய்க் காலத்துக் குறிப்புகள், கால்நடையாக ஊர் சுற்றியவர்களின் குறிப்புகள். எதிலாவது கிழமையும் தேதியும் பொருந்தாமல் போனால் எனக்குப் பொறுக்காது. பென்சிலால் ஓரத்தில் குறித்து வைப்பேன்.

பழைய வண்டிக்குப் பதினான்கு வயது. கார்புரேட்டர் வண்டி. எண்ணெய் குடிக்க ஆரம்பித்ததால் கொடுத்துவிட்டோம். புதியது பிஎஸ் சிக்ஸ், அதாவது புகைக்கு அரசு போட்ட புது விதிப்படி வந்தது. அதற்கு எத்தனை பெட்ரோல் வேண்டும் என்பதை உள்ளே இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. படித்தபோது எனக்குப் பிடித்திருந்தது. கணக்காக நடந்துகொள்ளும் இயந்திரம் என்று நினைத்துக்கொண்டேன்.

சேவூருக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. அங்கிருந்து அவிநாசி வழியாகத் திருப்பூருக்கு இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட வரும். என் மனைவி ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். பத்தொன்பது வருஷமாக அதே வேலை. அவளை அங்கே இறக்கிவிட்டு, இன்னும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி நான் வேலை செய்யும், பனியன் துணி சுருக்கும் காம்பாக்டிங் யூனிட்டுக்குப் போவேன். திரும்பும்போதும் அப்படியே. ஒன்றரை ஷிப்ட் ஓடுகிற நாட்களில் மட்டும் அவள் கம்பெனி வேனில் வந்துவிடுவாள்.

வண்டி வந்த நான்காம் நாள் அவள் சொன்னாள்:

"ஏனுங்க, வண்டி நல்லாத்தான் இருக்குது. ஆனா நீங்க ஆக்சிலேட்டர முறுக்கறப்பல்லாம் பொறத்தால இருந்து ஆரோ கொண்டையப் புடிச்சு இழுக்கறாப்ல இருக்குதுங்க."

நானும் கவனித்திருந்தேன். நேர் ரோட்டில் போகும்போது ஒன்றும் தெரியாது. வேகத்தடை, குழி, சிக்னல் என்று மெதுவாகப் போய் மறுபடி முறுக்கும் இடத்தில்தான் கோளாறு. அரை நொடி சும்மா இருக்கும். பிறகு திடீரென்று பாயும். விட்டால் முன்னால் குத்தும். எங்கள் பக்கத்தில் இதை வண்டி வெட்டுகிறது என்பார்கள். எனக்குக் கைப்பிடி இருக்கிறது, தாங்கிக்கொள்ளலாம். அவள் சேலையோடு ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிறவள். ஒவ்வொரு வெட்டுக்கும் அவள் தலை பின்னால் போய் முன்னால் வரும். அவிநாசி தாண்டிவிட்டால் திருப்பூர் வரை எத்தனை வெட்டு என்று ஒரு நாள் எண்ணினேன். அறுபத்து ஒன்று.

அவள் கழுத்து முன்பே கெட்டிருந்தது. ஓவர்லாக் மிஷினில் தலையைக் குனிந்தே இருந்தால் என்ன ஆகும்? அந்த ஐப்பசியிலேயே டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, எலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் ஒன்று தேய்ந்திருக்கிறது என்றார். கழுத்துப் பட்டை, மாத்திரை, உடற்பயிற்சி. அதோடு இன்னொன்றும் சொன்னார்.

"வலி பத்துக்கு எத்தனைன்னு தினமும் கேட்டு எழுதிட்டு வாங்க. குறையலைன்னா ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாம். விரல் மரத்துப் போச்சுன்னா மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளாதீங்க. நரம்பு ஒரு தடவை செத்துட்டா கை திரும்பாது."

எழுதுவது என்றால் எனக்குச் சொல்ல வேண்டுமா? அன்று மாலையே அவிநாசியில் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். தேதி, கிழமை, கிலோமீட்டர், வலி. கம்பெனி வாசலில் அவள் இறங்கியதும் கேட்பேன்.

"எத்தனை கண்ணு?"

"ஆறு."

மறுநாள், "ஏழு போடுங்க. அந்தப் பாலத்துக்கிட்ட ஒரு வெட்டு வெட்டுச்சு பாருங்க, அதுக்கு மட்டும் தனியா ஒன்னு." இன்னொரு நாள், "அஞ்சே முக்கா. கால் கொறைச்சுக் குடுக்கோணும்னா கொறைச்சுக்கங்க." வாட்ச்மேன் எங்களைப் பார்த்துச் சிரிப்பார். "வண்டிக்காரரு தெனமும் வாடகை கேக்கறாருங்களா?" என்பார். "ஆமாங்க, இந்த ஆளு சும்மா கூட்டிட்டு வருவாரா?" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்விடுவாள்.

வண்டி வாங்கிய இடத்தில் மூன்று முறை காட்டினேன். இந்த மாடல் எல்லாமே இப்படித்தான், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றார்கள். ஆயிரத்து எண்ணூறு கிலோமீட்டர் ஓட்டினேன். சரியாகவில்லை. மார்கழிக் குளிரில் இன்னும் மோசமானது. அந்த மாதம் நோட்டில் எட்டு என்ற எண் நான்கு முறை வந்திருக்கிறது.

தை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, கோயில் ஆராதனை முடிந்ததும், அவிநாசி ரோட்டில் தகரம் வேய்ந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியைக் கொண்டு போனேன். மெக்கானிக் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். இங்கே வந்து வருஷக்கணக்கானாலும் அவர் பேச்சு ஊரைவிட்டு வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு வட்டம் போய் வந்தார்.

"வெட்டத்தான செய்யும். பெட்ரோல் காணாம தவிக்கில்லா வண்டி."

எஞ்சினிலிருந்து இறங்கும் சைலன்சர் குழாயில் விரல் பருமனுக்கு ஒன்று திருகியிருந்தது. அதிலிருந்து ஒயர் போனது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"இதுதாம்ணே ஓ டூ சென்சார். வண்டிக்கு மூக்குன்னு வச்சுக்கிடுங்க. போற புகைய மோந்து பாத்து, ஆக்சிஜன் கூடவா குறையவான்னு மேல சேதி சொல்லும். மேல இருக்கவன் அதக் கேட்டுப் பெட்ரோல கூட்டிக் குறைப்பான். கெவர்மெண்டு கணக்குக்குப் புகை குறையணும்லா? அதனால எப்பவும் குறைச்சுத்தான் விடுவான். அங்கதான் வெட்டு."

"சென்சார் கெட்டுப் போச்சுங்களா?"

"யாரு சொன்னா? அது ஒழுங்கா வேல பாக்கு. அதாம்ணே பிரச்சனையே."

சிரித்தார். பிறகு மேசை டிராயரிலிருந்து கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு கருப்பு பிளக்கை எடுத்தார். சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைச் சொருக வேண்டும். உள்ளே ஒரு சின்ன ரெசிஸ்டர். உண்மையான சென்சாரின் அளவு நொடிக்கு நொடி ஏறி இறங்கும். இது எந்நேரமும் ஒரே அளவைச் சொல்லிக்கொண்டிருக்கும். கம்ப்யூட்டர் அதை நம்பிக்கொண்டு, திருத்தப் பார்க்காமல், தாராளமாகப் பெட்ரோல் விடும்.

"இதுக்குப் பேரு என்னங்க?"

"நெட்ல தேடினா பேரு ஏதோ வரும். நாங்க ஊமை பிளக்குன்னு சொல்லுவோம். கம்பெனி சர்வீசுக்குப் போகும்போது கழட்டிட்டுப் போங்க. பாத்தாம்னா வாரண்டி கிடையாதும்பான். புகை செக்கப்புக்கும் கழட்டணும். மைலேஜ் கொஞ்சம் அடி வாங்கும். சம்மதமா?"

சட்டப்படி சரியில்லாத காரியம் என்று தெரிந்தே சம்மதித்தேன். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிட்டது. மீட்டரில் நாலாயிரத்து நூற்றிரண்டு.

மறுநாள் காலை வண்டி வெண்ணெயில் கத்தி போனது போலப் போனது. வேகத்தடையில் இறங்கி ஏறியது தெரியவில்லை. நான் முறுக்க, அது கேட்டது, அவ்வளவுதான். பாலத்தடி வந்ததும் வேண்டுமென்றே மெதுவாக்கி மறுபடி முறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. கம்பெனி வாசலில் அவள் இறங்குவதற்கு முன்பே திரும்பிவிட்டேன்.

"எப்பிடி?"

என் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். பிறகு சொன்னாள்: "சொகமா இருந்துச்சுங்க. மூணு போட்டுக்கங்க."

ஐப்பசியிலிருந்து அந்த நோட்டில் மூன்று வந்ததே இல்லை. அன்று யூனிட்டில் பார்த்தவர்களிடமெல்லாம் ஊமை பிளக்கைப் பற்றிப் பேசினேன். இரண்டு பேர் அந்த மெக்கானிக்கின் இடத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

தையில் மீதி நாளெல்லாம் மூன்று. மாசியில் தவக்காலம் தொடங்கியது, அப்போதும் மூன்று. லிட்டருக்கு ஐம்பத்து இரண்டு கொடுத்த வண்டி நாற்பத்து நான்கு கொடுத்தது. சைலன்சர் வாயில் விரலை விட்டால் கரி ஒட்டியது. சிக்னலில் நிற்கும்போது பச்சைப் பெட்ரோல் நெடி ஏறும். அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வாள். எல்லாவற்றையும் எழுதினேன். அவள் வாசலில் முன்பு போலப் பேசுவதில்லை என்பதை மட்டும் எழுதவில்லை. கேட்டதும் "மூணுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாள். வலி குறைந்தவளுக்குச் சொல்ல என்ன இருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன்.

யூனிட்டில் என் வேலை துணியின் எடை பார்ப்பது. சாயப்பட்டறையிலிருந்து வரும் பனியன் துணி, நீராவி கொடுத்துச் சுருக்கியபின் ரோல் ரோலாக வரும். ஒவ்வொரு ரோலிலும் ஒரு வட்டம் வெட்டித் தராசில் வைத்து, சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எழுத வேண்டும். ஒரே நூல், ஒரே மிஷின் என்றாலும் ரோலுக்கு ரோல் இரண்டு மூன்று கிராம் ஏறி இறங்கத்தான் செய்யும். சில பேர் வெட்டிப் பார்க்காமல் உட்கார்ந்த இடத்திலேயே எழுதிவிடுவார்கள். அதற்கு எங்களிடையே சேர் ரிப்போர்ட் என்று பெயர். மாசிக் கடைசியில் அடுத்த ஷிப்டில் எடை பார்ப்பவர் அப்படி ஒன்றை வைத்துவிட்டுப் போயிருந்தார். பதினெட்டு ரோலுக்கும் நூற்று எண்பது. நான் அவரை விடவில்லை.

"ஏனுங்க, இது துணிங்களா, தகரங்களா? பதினெட்டும் ஒன்னாட்டம் இருக்குமா? எத்தனை வருசமாப் பாக்கறேன், எங்கிட்டயேவா?"

"சரி உடுங்க, இன்னொருக்கா வெட்டிடறேன். அதுக்கு ஏனுங்க இத்தனை கோவம்" என்று அவர் கத்தரியை எடுத்துக்கொண்டு போனார். அன்று காலையும் வாசலில் மூன்று என்று எழுதிவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பங்குனியில் டாக்டர் வரச் சொல்லியிருந்த நாள் வந்தது. அவளும் நானும் போனோம். நோட்டை அவர் மேசையில் விரித்து வைத்தேன். மேலேயிருந்து கீழே விரலை ஓட்டினார். ஆறு, ஏழு, எட்டு, பிறகு பக்கம் பக்கமாக மூன்று. அவருக்கும் சந்தோஷம்.

"இவ்வளவு ஒழுங்கா யாரும் எழுதிட்டு வந்ததில்ல. விரல் மரத்துப் போகுதாம்மா?"

"இல்லீங்க."

"அப்ப ஸ்கேன் இப்ப வேண்டாம். பயிற்சி தொடரட்டும். ஆடிக்கு மேல வாங்க."

வெளியே வந்து இருவரும் இளநீர் குடித்தோம். அவள் இடது கையால் வாங்கினாள். அது நினைவிருக்கிறது. ஆனால் அன்றைய குறிப்பில் அது இல்லை.

சித்திரை, ஒரு புதன்கிழமை. பகல் பதினொன்றே கால் மணிக்கு அவள் கம்பெனியிலிருந்து போன் வந்தது. லைனைப் பார்த்துக்கொள்ளும் சூப்பர்வைசர் அம்மா பேசினார். கையில் ஊசி ஏறிவிட்டது, எடுத்துவிட்டார்கள், பயப்பட வேண்டாம், வந்து கூட்டிப் போங்கள் என்றார். பனியன் கம்பெனியில் ஊசி ஏறாத கை இருக்காது. நான் அவ்வளவாகப் பயப்படாமல்தான் போனேன்.

அவள் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். வலது ஆள்காட்டி விரலில் கட்டு. பக்கத்தில் வெள்ளைப் பீஸ்கள் ஒரு குவியல். மேலே இருந்த ஐந்தாறில் ரத்தம். பீஸ் எடுத்துக் கொடுக்கும் கைமடிப் பெண் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"அண்ணா, அக்கா பாட்டுக்குத் தெச்சுட்டே இருக்குதுங்க. நாந்தான் செவப்பாப் பாத்துட்டுக் கத்துனேன். ஊசி மொனை உள்ள ஒடிஞ்சிருக்குது, அக்காளுக்குத் தெரியவே இல்லீங்க."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சிரிக்க முயன்றாள்.

"வலிக்கவே இல்லீங்க. நெசமாலும்."

ஒரு கணம், ஒரே ஒரு கணம், எனக்கு ஆறுதலாக இருந்தது. வலிக்கவில்லையாம். அதன் பிறகுதான் அந்த வார்த்தையின் மறுபக்கம் புரிந்தது. கட்டில்லாத நடுவிரலைப் பிடித்து நகத்தால் அழுத்தினேன். "தெரியுதா?" அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். கட்டைவிரலை அழுத்தினேன். சூப்பர்வைசர் அம்மா, "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க, இங்க வெச்சு என்ன பரிச்சை" என்று எங்களைக் கிளப்பிவிட்டார்.

ஸ்கேன் அன்றே எடுத்தார்கள். டிஸ்க் பிதுங்கி, கைக்கு இறங்கும் நரம்பை நசுக்கியிருந்தது. டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஆபரேஷன் செய்தால் வலி போகும். விரலுக்கு உணர்ச்சி வருமா என்று உறுதி சொல்ல முடியாது.

"எப்ப இருந்தும்மா மரத்துப் போச்சு?"

"பொங்கலுக்கு அப்பறமா இருந்துங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். என் கையில் நோட்டு இருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை.

அன்று மாலை வீட்டில் அந்த நோட்டைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பிளக் போட்ட நாளிலிருந்து சித்திரை வரை. மழை பெய்த நாள், பெய்யாத நாள். பாலத்தடியில் தண்ணீர் நின்று சுற்றிப் போன நாள். அவளுக்குக் காய்ச்சல் அடித்த நாள். ஒன்றரை ஷிப்ட் ஓடியதற்கு மறுநாள். எல்லா நாளிலும் மூன்று. வேறொருவர் என் மேசையில் இதை வைத்திருந்தால் இரண்டாம் வரியிலேயே திருப்பி அனுப்பியிருப்பேன். என் கையெழுத்தில் இருந்ததால் நம்பினேன். பழைய குறிப்புகளைப் படிக்கும்போது, எழுதியவர் கண்ணால் கண்டதா, யாரோ சொல்லக் கேட்டதா என்று பென்சிலால் கேள்வி போடுகிறவன் நான். இதில் ஒரு கோடும் இழுக்கவில்லை.

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கேட்டேன்.

"ஏன் கண்ணு சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவீங்க? மொதல்ல வண்டிய மாத்துனீங்க. அப்பறம் வேலைக்குப் போக வேண்டாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்."

"அதாங்க. புள்ளையும் கட்டிக் குடுத்து வெள்ளகோவில் போயிட்டா. ஊட்ல ஒத்தையா உக்காந்துட்டு நான் என்னத்தப் பண்றது? அங்க போனா நாலு பேரு, நாலு பேச்சு. மிஷினு முன்னால உக்காந்தா நான் ஒரு ஆளு."

பிறகு அவளே சொன்னாள்.

"மொத நாளு நெசமாலுமே கொறைஞ்சு இருந்துச்சுங்க. மூணு இல்ல, அஞ்சு இருக்கும். நீங்க திரும்பிப் பாத்தீங்க பாருங்க, அந்த மூஞ்சியப் பாத்துட்டு அஞ்சுன்னு சொல்ல வாய் வல்ல. அடுத்த நாளு ஆறு. ஆனா மொத நாளு மூணுன்னு சொல்லிப் போட்டு எப்பிடி ஆறுங்கறது? அப்பிடியே போயிருச்சு."

"டாக்டரு கேட்டாரே, மரத்துப் போச்சான்னு."

"நீங்க அந்த நோட்ட அத்தன பெருமையா விரிச்சு வெச்சிருந்தீங்க."

நோட்டை மூடி வைத்தேன். பக்கத்து வீட்டு டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது.

வைகாசியில் ஆபரேஷன் நடந்தது. கோயம்புத்தூரில் ஏழு நாள் இருந்தோம். மகள் வந்து கூட இருந்தாள். கழுத்து வலி போயே போய்விட்டது. வலி பத்துக்கு எத்தனை என்று டாக்டர் கேட்டபோது அவள் "இல்லீங்க, ஒன்னுமே இல்லீங்க" என்றாள். நான் அவர் பின்னால் நின்றுகொண்டு அவள் கண்ணைப் பார்த்தேன். அது உண்மைதான். விரல்கள் மட்டும் திரும்பவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மடங்குகின்றன, பிடிக்கின்றன. எதைப் பிடித்திருக்கின்றன என்று அவற்றுக்குத் தெரிவதில்லை.

ஊர் திரும்பிய வாரம் மெக்கானிக்கிடம் போய் ஊமை பிளக்கைக் கழற்றச் சொன்னேன். "திரும்ப வெட்டும்ணே" என்றார். "வெட்டட்டுங்க" என்றேன். அவர் கழற்றி என் கையில் கொடுத்தார். பிளக்கின் மேல் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. சொன்ன வேலையைத்தான் அது செய்தது. வண்டி இப்போது பழையபடி வெட்டுகிறது. பின்னால் உட்கார ஆள் இல்லை.

கம்பெனியில் அவளை விட்டுவிடவில்லை. ஆனி மாதம் செக்கிங்கில் போட்டுப் பார்த்தார்கள். தைத்து வந்த பீஸைத் தடவி, ஓட்டையும் முடிச்சும் பிசிறும் கண்டுபிடிக்கும் வேலை. கண் பாதி, விரல் பாதி. ஒன்பது நாள் போனாள். பத்தாம் நாள் காலை நான் வண்டியை எடுத்தபோது அவள் கிளம்பி வரவில்லை. சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "நீங்க போங்க" என்றாள்.  அவள் பார்த்து அனுப்பியதில் ஒரு முழுப் பெட்டி பழுது என்று திரும்பி வந்ததாகச் சூப்பர்வைசர் அம்மா பிறகு போனில் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். முன்பெல்லாம் டிவியைப் பார்த்துக்கொண்டே, குனியாமல், ஒரு கிண்ணம் நிறைய உரித்து வைப்பாள். இப்போது ஒவ்வொன்றையும் கண்ணுக்குக் கிட்டே கொண்டு போய், திருப்பித் திருப்பிப் பார்த்து, தோல் எங்கே முடிகிறது என்று தேடி உரிக்கிறாள். கால் மணி நேரத்தில் பதினொன்று ஆகியிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை எடுத்தேன்.

"வெச்சுடுங்க" என்றாள். "நானே பண்ணிக்கறேன்."

"ரெண்டு பேரும் உரிச்சா சீக்கிரம் ஆகுமே."

"ஆக வேண்டாங்க. நான் எங்க போகோணும்?"

வெங்காயத்தைத் திரும்பக் கிண்ணத்தில் போட்டேன். அவள் அடுத்ததை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கண்ணில் காரம் ஏறி நீர் வழிந்தது. துடைத்துக்கொள்ளாமல் உரித்தாள்.